வத்தகப்பழக்காரரை விட்டுவிட்டு வந்தோம்

1

நேற்றுப் பின்னேரம் பலெர்மோவில் பத்து நிமிடம் மழை பெய்தது. நான் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நகரைச் சுற்றிப் போகும் பெருஞ்சாலையில், சுரங்கப் பாதைக்குள் இறங்கும் சரிவுக்கு முன்னால் பஸ் நின்றது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டுக் கார்களும் நின்றன. பாதையில் தேங்கியிருந்தது செருப்பின் அடி மட்டும் நனையும் தண்ணீர். ஆனாலும் ஒருவரும் கீழே இறங்கவில்லை.

இந்த ஊர்ச் சாரதிகளைத் தெரிந்தவர்களுக்கு இதை நம்புவது கடினம். விளக்குப் பச்சையாகும் முன்பே பின்னாலிருந்து ஹோர்ன் அடிக்கிறவர்கள் இவர்கள். நேற்று ஒருவர்கூட அடிக்கவில்லை. மழை விட்டு, வெயில் வந்து, முதல் கார் மெல்ல இறங்கி மற்றப் பக்கத்தால் ஏறும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் என்னிடம், "போன வருசமும் இதே மாசந்தான்" என்றாள். நான் தலையாட்டினேன். நானும் உள்ளே இருந்தவள் என்று அவளிடம் சொல்லவில்லை.

போன வருடம் அது நடந்தபோது ஊரில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் கேட்டாள்: "ஐரோப்பாவிலை ரோட்டிலை நிண்ட காரெல்லாம் தாழுமோ அக்கா? நீங்கள் பெருப்பிச்சுச் சொல்லுறியள்." அவளுக்கும், அவளைப் போல நினைப்பவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். ஒரு வருடம் ஆகியும் எனக்கே அது முழுதாக நம்பமுடியவில்லை.

2

முதலில் ஒன்று தெரிய வேண்டும். அது தண்ணீரே இல்லாத வருடம்.

சிசிலியில் கோடையில் மழை கிடையாது. வைகாசியில் குடையை அலுமாரிக்கு மேல் போட்டால் புரட்டாதியில்தான் தேடுவோம். அந்த வருடம் மாரியும் பொய்த்துவிட்டது. நாங்கள் இருக்கும் போர்கோ வெக்கியோவில் நாலு நாளுக்கு ஒருக்கால்தான் குழாயில் தண்ணீர் வந்தது. குசினி முழுக்க வாளிகள். பாத்திரம் கழுவிய தண்ணீரில் தரை துடைத்து, அந்தத் தண்ணீரையே கக்கூசுக்கு ஊற்றினோம். ரோசாலியா மாதாவின் மலைக்கோயிலுக்கு ஞாயிறுகளில் நடந்து போகும் எங்கள் தமிழ்ச் சனம், தங்கள் நேர்த்திக்கடன்களுடன் மழையையும் சேர்த்துக் கேட்டது.

மழை வந்தால் எங்கே போகும் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் வழுக்கையாற்றுக்குப் பக்கத்தில் பிறந்தவள். எங்கள் ஊரில் ஒருவர் வெள்ளவாய்க்காலை மறித்து மதில் கட்டியபோது, ஊரே ஏழு வருடம் வழக்குப் பேசியது. என் தகப்பனார், எங்கள் ஐயா, ஒவ்வொரு தவணைக்கும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். "தண்ணிக்குப் பாதை குடுக்காட்டி அது எங்கடை பாதையை எடுக்கும்" என்று நீதிமன்றத்திலும் சொன்னாராம். இதையெல்லாம் கேட்டு வளர்ந்த நான், இருபத்திமூன்று வருடம் பலெர்மோவின் தெருக்களில் நடந்தும் ஒரு வடிகாலைக் குனிந்து பார்த்ததில்லை.

3

அன்று புதன்கிழமை. நகரின் மேற்கே, மலைப் பக்கமாக இருக்கும் ஒரு வீட்டில் எண்பது கடந்த ஒரு சின்யோராவை, வீட்டுக்கார அம்மாவை, பார்த்துக்கொள்வது என் வேலை. பின்னேரம் நாலு மணிக்கு என் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் அலுவலகத்தில் நேரம் தந்திருந்தார்கள். பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் போட்டு மடியில் வைத்திருந்தேன். மகள் நிலானி என்னை ஏற்றிப்போகக் காருடன் வந்தாள்.

நிலானிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தாதிப் படிப்பில் கடைசி வருடம். காலையில் ஆஸ்பத்திரியில் பயிற்சி. நான் தமிழில் கேட்பேன், அவள் இத்தாலியனில் பதில் சொல்வாள். பத்து வருடமாக நாங்கள் இப்படித்தான் கதைக்கிறோம். அன்றும் அப்படித்தான் காருக்குள் சண்டை பிடித்துக்கொண்டு வந்தோம். படிப்பு முடிந்ததும் வடக்கே பொலோஞ்ஞாவுக்குப் போய்விடப் போவதாக அவள் சொன்னாள். "இஞ்சை ஆஸ்பத்திரி இல்லையோ?" என்று நான் கேட்டேன்.

சுரங்கப் பாதைக்குள் இறங்கும்போது வாகனங்கள் நெரிந்து நின்றுவிட்டன. எங்களுக்கு முன்னால் ஒரு நீல லாப்பா. மூன்று சில்லு வைத்த சின்னச் சாமான் வண்டியை இங்கு அப்படித்தான் சொல்வார்கள். பின்பக்கம் நிறைய வத்தகப்பழம், இந்தியத் தமிழர் தர்ப்பூசணி என்பார்களே, அது. சாரதி தலை நரைத்த ஒரு மனிதர். வானம் இருண்டு முதல் துளி விழுந்தபோது அவர் இறங்கி நின்று, இரண்டு கையையும் மேலே விரித்து, எங்களைப் பார்த்துச் சிரித்தார். பின்னால் நின்ற காரில் பிள்ளைகள் கை தட்டினார்கள். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினோம். நானும் நீட்டினேன்.

கை தட்டிய சத்தம் மழைச் சத்தத்தில் இல்லாமல் போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஜன்னல்களை மூடினோம். உள்ளே ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் கால் நனைந்ததைக் கண்டு, தண்ணீர்ப் போத்தல் கவிழ்ந்துவிட்டது என்று நினைத்துக் குனிந்து தேடினேன். மண்ணிறத் தண்ணீர் இருக்கையின் அடியில் ஏறிக்கொண்டிருந்தது.

எஞ்சின் நின்றுவிட்டது. நிலானி கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை.

"அம்மா, பெல்ட்டைக் கழட்டுங்கோ."

"நிண்டிடுந்தானே பிள்ளை. மழை விட வடியும்."

"வடியாது அம்மா. எழும்புங்கோ. கண்ணாடியாலை போவம்."

அவள் தமிழில் கதைத்தாள் என்பதை நான் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். எங்களுடையது கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கும் பழைய கார். அதை மாற்றச் சொல்லி நான் மூன்று வருடமாக நச்சரித்திருக்கிறேன். அவள் கண்ணாடியை இறக்கி, வெளியே புகுந்து, கூரையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தோளில் பிடித்து இழுத்தாள். கோப்பு உள்ளே விழுந்தது. வெளியே தண்ணீர் என் நெஞ்சுவரை நின்றது. எனக்கு நீந்தத் தெரியாது. எங்கள் ஊர்க் குளம் பொடியங்களுக்குத்தான். நிலானி பள்ளிக்கூடத்தில் பழகியவள். அதையும் நான் தடுத்தேன், நீச்சலுடுப்புக்காக. அவளுடைய அப்பாதான் எனக்குச் சொல்லாமல் பத்திரத்தில் கையெழுத்து வைத்தவர்.

சரிவின் இரண்டு பக்கத்தாலும் வெள்ளம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. ஓரத்து இரும்புத் தடுப்பைப் பிடித்துப் பிடித்து, வந்த வழியே மேலே நடந்தோம். ஒரு லொறிக்காரர் கை கொடுத்து எங்களை ஏற்றிவிட்டார். பின்னால் நின்ற காரின் பிள்ளைகளை யாரோ முன்பே தூக்கிவிட்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். எங்கள் காரின் கூரை தெரிந்தது. லாப்பாவின் கூரை தெரிந்தது. வத்தகப்பழங்கள் மிதந்துகொண்டிருந்தன, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, கோயில் கேணியில் தேங்காய் மிதப்பது போல.

நிலானி நின்றவர்களிடம் கேட்டாள், லாப்பாக்காரரைக் கண்டீர்களா என்று. ஒருவருக்கும் தெரியவில்லை. இன்னொருவரிடம் கேட்டாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

நான் அவளுடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"லாஷாமி," என்றாள். விடுங்கள் என்று அர்த்தம். "அம்மா, அவர் உள்ளுக்கை நிக்கிறார். நான் தாதி. லாஷாமி."

"விடமாட்டன்."

அவள் இழுத்தாள். நான் தரையில் இருந்துவிட்டேன், என் பாரம் முழுவதும் அவள் கையில் வரட்டும் என்று. என் நகம் அவள் தோலில் இறங்கியது எனக்குத் தெரியும். அவள் என்னை இத்தாலியனில் ஏசினாள். அதில் சில சொற்களை நான் அதுவரை தெருவில் மட்டுமே கேட்டிருக்கிறேன். பிறகு லாப்பாவின் கூரை தெரியாமல் போனது. நிலானி இழுப்பதை நிறுத்தினாள். அவள் திமிறியபோது எனக்குப் பயமாக இருக்கவில்லை. நிறுத்தியபோதுதான் பயந்தேன்.

4

தண்ணீரை இறைக்க இரண்டு நாள் ஆனது. சுழியோடிகள் இறங்கினார்கள். ஊரில் ஆளுக்கொரு கதை. இரண்டு பேர் என்றார்கள், ஒரு குடும்பம் என்றார்கள். ஒருவரும் அகப்படவில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நிலானி தொலைக்காட்சியை நம்பவில்லை. அந்த இரண்டு நாளும் காலையிலிருந்து பொழுதுபடும்வரை சரிவின் மேலே, பொலிஸ் கட்டிய நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். கார்களைத் தூக்கும்போது அங்கே நின்றவர்களைத் தள்ளிவிட்டார்கள். லாப்பாவை அவள் காணவில்லை.

சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் படுத்திருந்தாள். அவளுடைய அப்பா உணவகக் குசினியில் வேலை செய்பவர், அதிகம் கதைக்காத மனிதர். கட்டிலின் கரையில் போய் இருந்து, "என்னம்மா, வேலைக்குப் போகேல்லையோ?" என்று கேட்டார்.

"நான் தாதி இல்லை," என்று இத்தாலியனில் சொன்னாள். "தாதியென்றால் போயிருப்பேன்."

என்னிடம் எந்த மொழியிலும் கதைக்கவில்லை. மணிக்கட்டில் என் விரல்கள் நீலமாகப் பதிந்திருந்தன. அந்தக் கடும் வெக்கையிலும் நீளக் கைச் சட்டை போட்டு அதை மறைத்தாள். நான் சாப்பாட்டுக் கோப்பையை வைத்தால் அப்படியே இருந்தது. அப்பா வைத்தால் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

எங்கள் கார் ஆட்களற்றுக் கிடந்த படத்தை யாரோ தொலைபேசியில் அனுப்பியிருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நினைத்தேன்: செத்திருந்தாலும் உயிரோடிருந்தாலும் அந்த மனிதரை நான்தான் தேட வேண்டும்.

5

அந்தச் சனிக்கிழமையே ஒரு பொலிஸ் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்து தீயணைப்புக்காரரிடம் அனுப்பினார்கள். அங்கிருந்து நகரசபையின் ஒரு கட்டடத்துக்கு. ஒவ்வோர் இடத்திலும் இலக்கச் சீட்டு எடுத்து, என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, முதலில் இருந்து தொடங்கினேன். எல்லோரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் அவருக்கு என்ன உறவு?

கடைசி இடத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் உத்தியோகத்தர் இருந்தார். உறவு ஒன்றும் இல்லை என்றேன். பிறகு ஏன் தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த இத்தாலியன், சின்யோராமாரின் வீடுகளில் பொறுக்கியது. அடுப்பு, மருந்து, உடுப்பு, வங்கி எல்லாவற்றுக்கும் போதும். இதற்குப் போதவில்லை. "நான் ஒரு மனிதரை விட்டுவிட்டேன்," என்றேன்.

அவர் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். "விவாகரத்து இங்கே இல்லை, சின்யோரா. அதற்கு மற்றக் கட்டடம், இரண்டாம் மாடி."

எனக்குப் பின்னால் நின்ற ஒருவன் சிரித்தான். எனக்கு விளங்க நேரமெடுத்தது. புருசனை விட்டுவிட்டேன் என்பதற்கும் அதே சொல். நிலானி என் கையில் கிடந்து கத்தியதும் அதே சொல். தமிழிலும் அப்படித்தானே: கையை விடு, ஆளை விட்டுவிட்டு வா. நான் அழத் தொடங்கிவிட்டேன். தண்ணீர், சுரங்கம், லாப்பா, மகள் என்று தெரிந்த சொற்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குள் போட்டேன்.

அந்த மனிதர் எழும்பி, கதவைத் திறந்து இந்தப் பக்கம் வந்து, எனக்கு ஒரு கதிரை போட்டார். "இறந்திருந்தால் தெரிந்திருக்கும், சின்யோரா," என்றார்.

"எப்படித் தெரியும்?"

"யாராவது தேடி வந்திருப்பார்கள்."

"நான் வந்திருக்கிறேனே."

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெயர், விலாசம் தருவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வண்டியை எடுக்க ஒருவர் வந்தார். யார் என்று என்னிடம் கேட்காதீர்கள். பழக்காரருக்குப் பழக்காரரைத் தெரியும்," என்றார்.

நான் நேரே எங்கள் போர்கோ வெக்கியோச் சந்தைக்கு வந்தேன். பன்னிரண்டு வருடமாக நான் தக்காளி வாங்கும் பெண்ணிடம், நீல லாப்பா, நரைத்த தலை, வத்தகப்பழம் என்றேன். அவள் தராசில் இருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "நீனோ. பகேரியாக்காரன். வண்டி போய்விட்டது, பாவம். தமக்கை வீட்டில் கிடக்கிறானாம்."

"உயிரோடையோ?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். அவளுக்கு விளங்கியது. தலையாட்டினாள்.

நான் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். நிலானி சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். "என்னை எழுப்பிறதுக்குச் சொல்லுறீங்கள்," என்றாள். மூன்று நாளில் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது.

6

ஞாயிறு காலை ரயிலேறிப் பகேரியாவுக்குப் போனேன். ஒரு பழைய மாளிகையின் மதிலோரம் ஒழுங்கை. கேட்டுக் கேட்டுப் போனதில் கதவடியில் கதிரை போட்டு அவர் இருந்தார். ஒரு கால் வீங்கிக் கட்டுப் போட்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர் முகம் வெளிறியதை நான் கவனித்தேன். களைப்பு என்று நினைத்தேன்.

நான் அவர் கையைத் தொட்டேன். சூடாக இருந்தது.

தமக்கை கோப்பி கொண்டுவந்தாள். நீனோ கதைக்கத் தொடங்கினார். அவருக்கு இத்தாலியன் வராது, பலெர்மோப் பக்கத்துச் சிசிலியன்தான். சின்யோராமாருடன் கதைத்துப் பழகிய எனக்கு அதில் பத்தில் ஒரு சொல்தான் விளங்கும். நிலானிக்கு எல்லாம் விளங்கும். எங்கள் சந்தைத் தெருவில் விளையாடி வளர்ந்தவள். அவர் என்னைப் பார்க்காமல் மதிலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். நான் சிரித்துச் சிரித்து, "சீ, சீ" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஓம், ஓம் என்று.

நிலானிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. "மகளுக்குக் குரல் பதிந்து அனுப்புங்கள், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்," என்று என்னால் முடிந்த இத்தாலியனில் கேட்டேன். தொலைபேசியை அவர் வாயருகே பிடித்தேன்.

"வீவு சுஞ்ஞு," என்றார். உயிரோடு இருக்கிறேன். அது எனக்கும் விளங்கியது. அதற்குப் பிறகு நிறுத்துவார் என்று பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை. நாலைந்து நிமிடம் கதைத்தார். தமக்கை ஒரு கட்டத்தில் வீட்டுக்குள் எழும்பிப் போய்விட்டாள். முடித்ததும் அவர் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார். நான் வெட்கப்பட்டுப் போனேன். ரயிலில் வரும்போது எனக்கு அவ்வளவு சந்தோசம்.

7

வீட்டுக்கு வந்தபோது நிலானி குசினி மேசையில் இருந்தாள். தொலைபேசி முன்னால் கிடந்தது. கேட்டு முடித்துவிட்டாள் என்று முகத்தில் தெரிந்தது. அந்த முகத்தில் நான் எதிர்பார்த்தது இல்லை.

"என்ன சொன்னவர்?" என்றேன்.

"நீங்கள் முன்னாலைதானே இருந்தனீங்கள்."

"எனக்கு அந்தப் பாசை விளங்காது பிள்ளை."

"அது அவருக்கும் தெரியும்," என்றாள். பிறகு தமிழில், சொல் கிடைக்காத இடங்களில் நின்று நின்று, எனக்குச் சொன்னாள்.

அவர் எங்களுக்கு முதலே இறங்கிவிட்டார். கால்மிதியில் தண்ணீர் ஏறியதும் வண்டியையும் பழத்தையும் விட்டுவிட்டு மேலே ஓடியிருக்கிறார். எங்கள் காரைத் தாண்டித்தான் போனார். ஆவி படிந்த கண்ணாடிக்குள் இரண்டு பேர் சண்டை பிடிப்பதும், ஒருத்தியின் மடியில் நீலக் கோப்பு இருப்பதும் அவருக்குத் தெரிந்தது. தட்டவில்லை. தட்ட நினைத்தாராம், கை எழும்பவில்லையாம். மேலே ஏறும்போது கால் பிரண்டது, அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் தான் விட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். யாராவது செத்தார்களா என்று விசாரிக்கவும் பயம். கதவடியில் என்னைக் கண்டபோது, கணக்குத் தீர்க்க வந்தவள் என்று நினைத்தார். நான் கையைத் தொட்டு, சிரித்து, கோப்பி குடித்தேன்.

"'உன்ரை அம்மாவுக்கு நான் எல்லாம் சொல்லிப்போட்டன், அவ சிரிச்சுக்கொண்டு இருக்கிறா, அவவுக்கு விளங்கேல்லை, அதாலை நீ கேள்' எண்டு சொல்லுறார்," என்றாள் நிலானி.

நான் கதிரையில் இருந்தேன். அந்த ஒழுங்கையில் நான் ஆட்டிய தலை ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. எங்களைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு வந்ததை ஒரு மனிதர் என் முகத்துக்கு நேரே சொல்ல, நான் ஓம் ஓம் என்று கேட்டிருக்கிறேன்.

"கோவமோ?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை." அவள் தொலைபேசியைக் கையில் எடுத்தாள். அவருக்குப் பதில் பதிந்தாள், அவருடைய பாசையில், அவ்வளவு வேகமாக. எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நான் என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் உரியது.

அன்று பின்னேரம் அவள் வெள்ளைச் சீருடையை எடுத்து மேசையில் விரித்து அயர்ன் பண்ணினாள். நீளக் கைச் சட்டையை மாற்றியிருந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"அம்மா."

"ஓம்."

"அவர் உள்ளுக்கை இருந்திருந்தா? அப்ப விட்டிருப்பீங்களோ?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "இல்லை," என்றேன்.

அவள் காலரைத் திருப்பி மற்றப் பக்கம் தேய்த்தாள். "நான் போயிருப்பன்."

"தெரியும் பிள்ளை," என்றேன். "அதுதானே பிடிச்சனான்."